ராசையாவின் கையில் கட்டிய சிவப்பு அட்டை

எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் வரிசைகட்டித் தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு யார்டு இருக்கிறது. அதன் பெயர்ப்பலகையை உப்புக்காற்று என்றோ தின்றுவிட்டது. காற்றே வேண்டாமென்று முடிவு செய்த பெயரை நாம் எதற்குத் தேடுவானேன். அந்த யார்டில் இருபத்தாறு வருஷமாகப் பேசாமல் சம்பளம் வாங்கியவர் ராசையா ஒருவர்தான். மற்றவர்கள் பேசி வாங்கினார்கள். அதிகம் பேசியவர்கள் அதிகம் வாங்கினார்கள்.

ராசையா சிக்னல்மேன். கிரேன் ஓட்டுகிறவர் கண்ணாடிக் கூண்டுக்குள் எஞ்சின் உறுமலோடு உட்கார்ந்திருப்பார். வெளியே யார் என்ன கத்தினாலும் அவருக்கு மீன்தொட்டிக்குள்ளிருந்து வாய் பிளக்கிற மாதிரிதான் தெரியும். ஆகவே கீழே ஒரு ஆள் நின்று கையால் சொல்ல வேண்டும். விரலை வானத்தைப் பார்த்துச் சுழற்றினால் தூக்கு. வலது கையைப் பக்கவாட்டில் விறைப்பாக நீட்டினால் நில். நீட்டிய கை மெல்ல மெல்லத் தாழ்ந்தால், லோடையும் மெல்ல மெல்ல இறக்கு. யார்டில் இதற்கு ஒரே சட்டம்: கையைப் பார், வாயைப் பார்க்காதே. முதலாளியே வந்து வேட்டி அவிழக் குதித்தாலும் கிரேன்காரர் பார்க்க வேண்டியது ராசையாவின் கையைத்தான்.

அந்தக் கைமேல் ராசையாவுக்கு இருந்த கர்வத்துக்கு நியாயம் உண்டு. இருபத்தாறு வருஷத்தில் அது ஒரு பொய் சொன்னதில்லை. நாலு டன் இரும்பைத் தரையில் வைக்கச் சொல்வார், பக்கத்தில் இருக்கிற டீ கிளாஸில் அலை எழாது.

பேசாத குணம் பிறவியிலேயே வந்தது. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த அவர் அப்பாவுக்கு வண்ணாரப்பேட்டையில் மளிகைக் கடை. பையனைக் கல்லாவில் உட்காரவைத்தால், விலை கேட்பவர்களிடம் விரலைக் காட்டுவான். ஊமைப் பையன், பாவம் என்று ஜனங்கள் பேரம் பேசாமல் வாங்கிப் போனார்கள். அப்பாவுக்கு உள்ளூர சந்தோஷம். ஒருநாள் மிளகாய் மூட்டை காலில் விழுந்து பையன் வாயைத் திறந்து கத்திய கத்தலில் அந்தத் தெருவின் நம்பிக்கையே போய்விட்டது. பையன் துறைமுகப் பக்கம் வேலை தேடிப் போனான்.

கல்யாணமும் கைக்கேற்ற மாதிரி அமைந்தது. மனைவி ராமசெல்வி திருவொற்றியூரில் மாவு மில் நடத்துகிறாள். மில் ஓடும்போது அங்கேயும் வாய்க்கு வேலையில்லை. புருஷன் உள்ளே வந்து விரலைச் சுழற்றினால் சோறு போடு. உள்ளங்கையைத் தாழ்த்தினால் கோபத்தைக் குறை. ராமசெல்வி முஷ்டியை மடக்கிக் காட்டினால் அதற்கு சர்வதேச அர்த்தம்தான். இருபத்திரண்டு வருஷம் சத்தமில்லாமல் சண்டை போட்டு வாழ்ந்த ஒரே ஜோடி என்று அக்கம்பக்கத்தில் மரியாதை இருந்தது.

இந்தக் கை ஒரு காலையில் லுங்கி கட்ட மறுத்தது.

குளித்துவிட்டு வந்தவர் லுங்கியைச் சுற்றி முடிச்சைச் செருகினார். செருகல் நிற்கவில்லை. மறுபடி செருகினார். லுங்கி நழுவியது. வலது கை விரல்கள் வேறு யாருடைய கையிலோ இருப்பது மாதிரி அசமந்தமாக நின்றன. பத்து நிமிஷம் லுங்கியை இடது கையால் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பிறகு விரல்கள் பழையபடி வந்துவிட்டன. ராசையா உடனே குற்றவாளியைக் கண்டுபிடித்தார்.

“லுங்கி சரியில்ல. கஞ்சி ஜாஸ்தி.”

ராமசெல்வி அதைக் கடைக்கே கொண்டுபோய்விட்டாள். கடைக்காரர் சௌக்கத் அலி லுங்கியை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தை முகர்ந்துகூடப் பார்த்தார். “நூல்ல ஒரு பேஜாரும் இல்லம்மா. முப்பது வருசமா விக்கிறேன், லுங்கி தானா அவுந்துச்சுன்னு கம்ப்ளைண்டு இதான் மொத தபா” என்றார். ஆனாலும் பழைய வாடிக்கை. வேறு கட்டம் போட்ட லுங்கியை மாற்றிக் கொடுத்தார். நோயாளி வீட்டில் இருக்க, லுங்கிக்கு வைத்தியம் நடந்தது.

ஒரு வாரம் கழித்து டீக்கடையில் கிளாஸ் விரல்களுக்கு நடுவிலிருந்து நழுவிக் காலடியில் உடைந்தது. “சோப்பு சரியா கழுவல” என்று ராசையா டீக்கடைக்காரரை முறைத்தார். சொன்னது சரியாக வரவில்லை. வாயில் வெற்றிலை அடக்கிக்கொண்டு பேசின மாதிரி இருந்தது. அதையும் யாரும் கவனிக்கவில்லை. பேசாத மனிதருக்குப் பேச்சு குழறினால் யாருக்குத் தெரியும்? கால்மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. குற்றவாளிகள் பட்டியலில் லுங்கிக்குக் கீழே சோப்பு சேர்ந்தது.

மூன்றாவது குற்றவாளி பூசணிக்காய்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். யார்டில் இருபத்தோரு பூசணிக்காய் வந்து இறங்கியிருந்தது. கிரேன் மூன்று, ஃபோர்க்லிஃப்ட் நாலு, டிரெய்லர் பதின்மூன்று, சூப்பர்வைசர் பெனிட்டோவின் சொந்த ஸ்கூட்டர் ஒன்று. ஸ்கூட்டர் யார்டு சொத்தா என்று யாரும் கேட்கவில்லை. காய்களை அடுக்கிய புண்ணியவான் நிழலாக இருக்கிறதே என்று, லோடு இறங்குகிற இடத்துக்கு நேர் பக்கத்திலேயே அடுக்கியிருந்தான்.

காலையில் காற்றாலைக்குப் போகிற கியர்பாக்ஸ் ஒன்று மரப்பெட்டியோடு, கிரேனின் நீண்ட கையான பூமிலிருந்து தொங்கி வந்தது. எடை நாலு டன். கூண்டுக்குள் செங்கொடி. எர்ணாவூர்ப் பெண், முப்பது வயதுக்கு ஒன்று குறைவு. யூனியன்காரரான அப்பா மகளுக்குப் பெயராக வைத்தது கொடியை. அவள் தூக்குவதோ கியர்பாக்ஸ். இந்த யார்டில் லிவரைப் பிடித்த முதல் பெண். சேர்ந்து எட்டு மாசம் ஆகிறது. அந்த எட்டு மாசமும் அவள் எப்போது தப்பு செய்வாள் என்று பலர் வேலையை விட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

பெட்டி பூசணிக் குவியலுக்கு மேலே மூன்றடி உயரத்தில் வந்தது. ராசையா காயைப் பார்த்தார். கையை நீட்டினார்: நில். பெட்டி நின்றது. காயை அப்புறப்படுத்தச் சொல்லி, சுமை தூக்கும் கலாசிகளைக் கூப்பிட விசிலை வாயில் வைத்தார். விசில் ஊதவில்லை. காற்று வாயின் வலது ஓரமாகப் புஸ்ஸென்று ஓடிப்போனது.

அப்போது நீட்டிய கை மெல்ல மெல்லத் தாழ்ந்தது.

செங்கொடி கையைப் பார்த்தாள். வாயைப் பார்க்கவில்லை. சட்டம் அது. பெட்டியை மெல்ல மெல்ல, டீ கிளாஸில் அலை எழாத பக்குவத்தில் இறக்கினாள். இருபத்தோரு பூசணிக்காயும் ஒன்றன்பின் ஒன்றாக ‘பொத்’, ‘பொத்’ என்று உயிரை விட்டன. விதை தெறித்ததில் பெனிட்டோவின் வெள்ளைச் சட்டை பூப்போட்ட சட்டையாகிவிட்டது.

அந்த நேரத்தில் ராசையா என்ன சொன்னார் என்பது அவருக்கே தெரியாது. வாயிலிருந்து வார்த்தை வரவில்லை, கூழ் வந்தது. ஒரு டயர்மேல் உட்கார வைத்தார்கள். சோடா கொடுத்தார்கள், பாதி சோடா கடைவாயில் வழிந்து சட்டையை நனைத்தது. ஏழு நிமிஷம். பிறகு எழுந்து நின்று, தெளிவாக, “எவன்டா காயை அங்க வெச்சது?” என்று கேட்டார்.

கலாசி மேஸ்திரி உச்சிமாகாளிதான் முதலில் தீர்ப்பு சொன்னது. “நைனா, உன் மேல கண்ணு இருந்துகீது. ஊர் கண்ணு மொத்தம். இருவத்தாறு வருச கை இல்ல? ஒரு காயி உடைச்சாலே திஷ்டி போயிடும். உனுக்கு இருவத்தொண்ணு, ஒரே போடு! அதான் ஏழு நிமிசத்துல எந்திரிச்சு குந்திட்ட. இனிமே நூறு வருசத்துக்கு உன்ன ஒண்ணியும் தொடாது.”

கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ராசையாவும் ஆட்டினார். இவ்வளவு பொருத்தமான விளக்கம் யாருக்குக் கிடைக்கும்? சாட்சி கண்ணெதிரே நசுங்கிக் கிடக்கிறது. ஆளோ நன்றாக நிற்கிறார். போனது போய்விட்டது என்றால், வந்தது என்ன என்று யார் விசாரிப்பார்கள்?

விசாரித்தவர் பெனிட்டோ. ராசையாவின் உடம்பை இல்லை, பூசணிக்காயை. தூத்துக்குடிக்காரரான பெனிட்டோவிடம் எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் உண்டு. அதில் மூன்று கட்டம்: ஆபரேட்டர் தவறு, சிக்னல்மேன் தவறு, இயந்திரக் கோளாறு. ஏதாவது ஒன்றில் டிக் அடிக்காமல் அவருக்கு மதியச் சோறு இறங்காது.

“சொல்லுங்க அண்ணாச்சி. என்ன சிக்னல் குடுத்திய?”

“நில்லு.”

“இறக்குன்னு குடுத்தாரு சார்” என்றாள் செங்கொடி. “கை எறங்குச்சு. நான் பாத்தேன்.”

“என் கை நின்னுக்கினுதான் இருந்திச்சு” என்றார் ராசையா. அன்றைக்கு அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அது. பொய்யும் சொல்லவில்லை. கை நீட்டியபடியே நிற்கிறது என்றுதான் அவர் மனசாட்சி அப்போதும் சத்தியம் செய்தது.

“கை நின்னிருந்தா நான் ஏன் சார் எறக்கப்போறேன்? எனுக்கும் பூசணிக்காய்க்கும் பங்காளித் தகராறா?”

பெனிட்டோ பேனாவை முதல் கட்டத்துக்கு மேலே பிடித்தார். அங்கே ஒரு டிக் விழுந்தால் செங்கொடி கூண்டைவிட்டு இறங்க வேண்டியதுதான். இரண்டாவது கட்டத்தில் விழுந்தால் ராசையா மீதிக் காலத்துக்கு வாசலில் உட்கார்ந்து டோக்கன் கிழிக்க வேண்டியதுதான். பொய் சொல்கிற கைக்கு யார்டில் அதுதான் வேலை.

“கேமரா கீதில்ல?” என்றாள் செங்கொடி. “போடுங்க. யாரு கை எறங்குச்சுன்னு பாத்துக்கலாம்.”

போட்டார்கள். மூன்று பேரும் பெனிட்டோவின் மேசையைச் சுற்றி நின்றார்கள். திரையில் பத்து நாற்பத்திரண்டு. ராசையா கையை நீட்டுகிறார். பெட்டி நிற்கிறது. விசிலை வைக்கிறார். கை தாழ்கிறது.

“பாத்தீங்களா!” செங்கொடி மேசையைத் தட்டினாள். “நான் சொன்னேன்ல? எட்டு மாசமா ‘பொம்பள ஓட்டுறா, பொம்பள ஓட்டுறா’ன்னு சொன்னாங்களே, எல்லாரையும் கூப்புடுங்க சார்!”

ராசையா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கை தன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்வதை ஒரு மனிதர் ஐம்பத்தாறு வயதில் முதல் தடவையாகப் பார்க்கிறார்.

“இன்னொரு தபா போடுங்க” என்றாள் செங்கொடி, ஜெயித்த ருசி இன்னும் தீராமல்.

இரண்டாம் தடவை அவள் கையைப் பார்க்கவில்லை. முதல் முறையாக யார்டு சட்டத்தை மீறி வாயைப் பார்த்தாள். விசில் ராசையாவின் உதட்டில் நிற்காமல் வலது ஓரமாக நழுவி, கயிற்றில் தொங்கியது. உதட்டின் அந்தப் பக்கம் ஓட்டில் ஒட்டிய பல்லி வால் மாதிரி தொய்ந்திருந்தது. செங்கொடியின் முகத்திலிருந்து வெற்றி இறங்கிவிட்டது.

“அண்ணா, இந்த மாதிரி முன்னாடி ஆச்சா?”

“சேச்சே. லுங்கி மாதிரிதான். பத்து நிமிசத்துல சரியாப்பூடும்.”

“இன்னா லுங்கி?”

ராசையா வாயை மூடிக்கொண்டார். ஆனால் பெனிட்டோவிடம் படிவம் இருந்தது; கேள்வி கேட்பதில் அவரை அடிக்க ஆளில்லை. லுங்கி வெளியே வந்தது. பின்னாலேயே டீ கிளாஸும் சோப்பும் வந்தன. பன்னிரண்டு நாளில் மூன்று தடவை.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம்ணா” என்றாள் செங்கொடி.

“அதான் சரியாயிடுச்சே. நாளைக்குப் பூஜை. முடிஞ்சு பாத்துக்கலாம்.”

“ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. லோடு தொங்கினு கீது. நான் லிவரத் தொடல. பூம் தானா எறங்குது. ஏழு நிமிசம் கழிச்சு தானா ஏறி நிக்குது. இன்னா பண்ணுவ?”

“ஆயில் லைன்ல கோளாறு.”

“தானா சரியாயிடுச்சேண்ணா. அடுத்த லோட மாட்டுவியா?”

“எவனாச்சும் மாட்டுவானா? அது எப்ப எவன் தலைல எறங்கும்னு தெரியாது. வண்டிய நிறுத்தி, அட்டை கட்டி, மெக்கானிக்க கூப்...”

நிறுத்திக்கொண்டார். சொந்த வாயால் சொந்தச் சட்டத்தில் மாட்டிக்கொண்ட மனிதரின் முகம் எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் அந்த அறையில் கேமரா இல்லாமல் போனது நஷ்டம்தான்.

செங்கொடியின் குரல் தணிந்தது. “எங்கப்பனுக்கும் இப்டித்தான்ணா. ஒருநா காலீல வாய் கோணிக்கிச்சு. டீ குடிச்சாரு, சரியாப்பூடுச்சு. ‘வாயு’ன்னாரு. நாங்களும் பெருங்காயம் குடுத்தோம். மூணாம் நாளு பல்லு வெளக்கப் போனவரு அங்கியே வுழுந்தாரு. மைக் இல்லாம கேட் மீட்டிங்குல பேசுன ஆளு. இப்ப தண்ணி வேணும்னா என் வளையலப் புடிச்சு இழுப்பாரு. அவ்ளோதான் பேச்சு.”

செங்கொடி சுவரில் மாட்டியிருந்த சிவப்பு அட்டைக் கட்டிலிருந்து ஒன்றை உருவினாள். பழுதான இயந்திரத்தில் கட்டுகிற அட்டை. ‘தொடாதே’ என்று மேலே கொட்டை எழுத்து. கட்டிவிட்டால், சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற மெக்கானிக்கைத் தவிர வேறு யாரும் அவிழ்க்கக் கூடாது. இந்த விதியை மீறிய ஒரு டிரைவரைப் பத்து வருஷத்துக்கு முன்பு ராசையாவே கேட்டுக்கு வெளியே அனுப்பியிருக்கிறார்.

அவள் குனிந்து எழுதினாள். பழுது: வலது கை தானாக இறங்குகிறது, வாய் ஒரு பக்கம் இழுக்கிறது, பேச்சு குழறுகிறது. நேரம்: 10.42 முதல் 10.49 வரை. முன்பு நடந்தது: இரண்டு தடவை. எழுதி முடித்து ராசையாவின் வலது மணிக்கட்டில் கம்பி நூலால் கட்டி முறுக்கினாள்.

“இன்னாம்மா இது கலீஜா...”

“அவுத்துக்கோ பாக்கலாம்.”

ராசையா அட்டையைப் பார்த்தார். அவிழ்க்கவில்லை. பயத்துக்கு அடங்காத மனிதர் விதிக்கு அடங்கினார்.

படிவத்தைக் கையில் வைத்திருந்த பெனிட்டோவே 108-க்குப் போன் போட்டார். “ஷேர் ஆட்டோல போய்க்கிறேன்” என்றார் ராசையா. “ஆட்டோல போறப்போ நாலாவது தடவை வந்தா டிரைவரு லுங்கியை மாத்திக் குடுப்பானா?” என்றார் பெனிட்டோ. இருபது வருஷ சர்வீஸில் அவர் சொன்ன ஒரே நல்ல வாக்கியம் என்று யார்டில் இன்றைக்கும் பேச்சு.

ஆம்புலன்ஸ் கேட்டுக்குள் நுழைவதற்கும் ராமசெல்வி தலையெல்லாம் கேழ்வரகு மாவோடு ஓடி வருவதற்கும் சரியாக இருந்தது. சேதி போனில் போயிருந்தது. ராசையா அவளைப் பார்த்து இடது உள்ளங்கையைத் தாழ்த்தினார்: ஒன்றுமில்லை, கோபத்தைக் குறை. அவள் அவர் பக்கமே திரும்பவில்லை. ஸ்ட்ரெச்சர் பிடித்திருந்த இரண்டு பேரைப் பார்த்து விரலை வானத்தைப் பார்த்துச் சுழற்றினாள். சிக்னல் படிக்காத அந்தப் பையன்களுக்கும் புரிந்தது. தூக்கினார்கள்.

சாலையில் வழக்கம்போல டிரெய்லர்கள். சைரனை டிரெய்லர்காரர்கள் சட்டை செய்வதில்லை; அவர்கள் காது எண்ணூரில் வளர்ந்த காது. ராசையா பக்க ஜன்னல் வழியாக இடது கையை நீட்டி ஓரங்கட்டச் சொன்னார். அந்தக் கையை அவர்களுக்குத் தெரியும். இரண்டு வண்டிகள் ஒதுங்கின. மூன்றாவது ஒதுங்காததற்குக் காரணம், அதில் டிரைவரே இல்லை, நாஷ்டாவுக்குப் போயிருந்தார்.

பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவில் டாக்டர் தஸ்னீம். பழைய வண்ணாரப்பேட்டைப் பெண், குரலில் இன்னும் அந்தத் தெரு இருந்தது. முதலில் நோயாளியைப் பார்த்தார். பிறகு மணிக்கட்டைப் பார்த்தார்.

“யாரு கட்டுனது?”

செங்கொடி, திட்டு வாங்கத் தயாராக, கையைத் தூக்கினாள்.

டாக்டர் அட்டையை முழுசாகப் படித்தார். “எப்ப ஆரம்பிச்சுதுன்னு கேட்டா ‘காலைல’ம்பாங்க. எவ்ளோ நேரம்னா ‘கொஞ்ச நேரம்’பாங்க. நிமிஷக் கணக்கோட வந்த மொத கேஸு நீங்கதான் ஐயா. ரெண்டு கையையும் நீட்டுங்க. கண்ண மூடிக்கினு பத்து எண்ணுங்க.”

“கண்ண மூடிக்கினு சிக்னல் குடுக்க மாட்டேன்.”

“இங்க கிரேன் இல்ல. நீட்டுங்க.”

நீட்டினார். பத்து வரை எண்ணினார். இரண்டு கையும் கொடிக்கம்பம் மாதிரி நின்றன. சிரிக்கச் சொன்னார்கள், ராசையா அபூர்வமாகச் சிரித்தார், வாய் நேராக இருந்தது. பேசச் சொன்னார்கள், அது மட்டும் கஷ்டமாக இருந்தது, பழக்கமில்லாததால்.

“பாத்தீங்களா? ஒண்ணியும் இல்ல” என்றார் ராசையா, ராமசெல்வி பக்கம் திரும்பி. “சொன்னேன்ல, கண்ணு கழிஞ்சிடுச்சு.”

“வலிச்சுதா?” என்றார் டாக்டர்.

“இல்ல.”

“அதான் பேஜாரு. வலிச்சிருந்தா லுங்கி அவுந்த அன்னிக்கே வந்திருப்பீங்க.” செங்கொடி திரையிலிருந்து போனில் பிடித்து வந்திருந்த கேமராக் காட்சியை டாக்டர் இரண்டு தடவை பார்த்தார். “மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல சின்னதா ஒரு ரத்தக்கட்டி வந்து அடைச்சிருக்கு. தானா கரைஞ்சிடுச்சு, கை திரும்பி வந்திடுச்சு. இதுக்குப் பேரு குட்டி பக்கவாதம். சரியாப் போனதால விட்டுடக் கூடாது. பெரிசு வர்றதுக்கு முன்னாடி கதவைத் தட்டிட்டுப் போயிருக்கு. மூணு தபா தட்டிடுச்சு. பெரிசு வரணும்னா இந்த ரெண்டு மூணு நாள்லயே வரலாம். அது வந்தா போன கை திரும்பி வராது.”

ராசையா தன் வலது கையைப் பார்த்தார். அட்டையை இடது கையால் மூடிக்கொண்டார்.

“பூஜை முடிஞ்சு வரலாமான்னு கேட்டாரு டாக்டர்” என்று ராமசெல்வி போட்டுக்கொடுத்தாள்.

“பெட் இங்க போட்டாச்சு. பூஜைய இங்க பண்ணிக்கலாம்” என்றார் தஸ்னீம்.

ரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறு என்று காட்டியது. சர்க்கரை இருப்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பீடி என்று அவர் சொல்ல, ராமசெல்வி இரண்டு கை விரல்களையும் ஒரு தடவை விரித்து, மறுபடி விரித்துக் காட்டி இருபதாக்கினாள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்தையும் ஸ்கேன் எடுத்தார்கள்.

“கைல கோளாறுன்னா கழுத்துல இன்னாத்துக்குப் பாக்கறாங்க?” என்று ராமசெல்வி கேட்டாள்.

“பூம் எறங்கினா பூமையா பாப்பாங்க? ஆயில் லைன்தான்” என்றாள் செங்கொடி.

அவள் சொன்னதுதான் சரியாக இருந்தது. கழுத்தின் இடது பக்கக் குழாயில் முக்கால் பங்குக்கு மேல் அடைப்பு. அங்கிருந்து துணுக்குத் துணுக்காக உடைந்து மேலே போனதுதான் லுங்கியை அவிழ்த்திருக்கிறது, டீயைக் கொட்டியிருக்கிறது, இருபத்தோரு பூசணிக்காயின் உயிரைக் குடித்திருக்கிறது. ஐந்தாம் நாள் கழுத்தைத் திறந்து குழாயைச் சுத்தம் செய்தார்கள். மயக்கம் தெளிந்ததும் ராசையா முதல் வேலையாக வலது கையின் விரலைச் சுழற்றிப் பார்த்தார். சுழன்றது. பக்கத்தில் நின்ற ராமசெல்வி அதை வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு, “இப்ப சோறு கெடையாதுய்யா, டாக்டர் சொல்லணும்” என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தாள். மில் ஓடாத இடத்தில் அழுதால் சத்தம் கேட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

கடைசியில் பெனிட்டோ படிவத்தில் மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்தார்: இயந்திரக் கோளாறு. இயந்திர எண் என்ற இடத்தில் ராசையாவின் ஊழியர் எண்ணை எழுதினார். மேலிடத்திலிருந்து, அந்த எண்ணில் நம்மிடம் இயந்திரமே இல்லையே என்று கடிதம் வந்தது. ‘உண்டு, ஆஸ்பத்திரியில் பழுதுபார்ப்பில் இருக்கிறது’ என்று பதில் போயிற்று.

உச்சிமாகாளி மட்டும் தன் கட்சியை விடவில்லை. “பூசணிக்காயி உடைஞ்சதாலதான கேமராவப் பாத்தீங்க? கேமராவப் பாத்ததாலதான ஆஸ்பத்திரிக்குப் போனீங்க? அப்ப திஷ்டிய கழிச்சது யாரு?”

இரண்டரை மாசம் கழித்து ராசையா டாக்டர் தஸ்னீம் முன்னால் உட்கார்ந்து, பையிலிருந்து அந்தச் சிவப்பு அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். ஆபரேஷனுக்கு முன்பு நர்ஸ் நூலை வெட்டியது முறைப்படி செல்லாது என்பது அவர் வாதம்.

“வேலைக்குப் போலாம்னு சர்டிபிகேட் குடுத்துட்டேனே ஐயா.”

“அது ஆபீசுக்கு. இதுல கையெழுத்து இல்லாம செங்கொடி லோடு தூக்க மாட்டா.”

தஸ்னீம் சிரிக்காமல் பேனாவை எடுத்தார். சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். குறிப்பு என்ற இடத்தில், மாத்திரை தினமும், பீடி பூஜ்யம் என்று எழுதினார். அடுத்த பரிசோதனை என்ற இடத்தில் தேதி எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டார். “தேதிக்கு வரலன்னா நானே யார்டுக்கு வந்து கட்டிடுவேன்.”

மறுநாள் காலை யார்டில் முதல் லோடு. வெறும் இரும்புக் குழாய்க் கட்டு, பெரிய எடை இல்லை. பக்கத்தில் பழமோ காயோ எதுவும் இல்லாமல் பெனிட்டோ நேரில் வந்து பார்த்துக்கொண்டார். கட்டு காற்றில் ஏறி நின்றது. ராசையா வலது கையை நீட்டினார்: நில். பிறகு இறக்கச் சொல்லிக் கையைத் தாழ்த்தினார். செங்கொடி லிவரைத் தொடவில்லை. கூண்டுக்குள்ளிருந்து தன் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காட்டினாள்.

ராசையாவுக்குப் புரிந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். கலாசிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மானம் போனாலும் போகட்டும் என்று இரண்டு கையையும் நீட்டினார்.

கண்ணாடிக்குப் பின்னால் அவள் உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

“இன்னாம்மா, தூங்கிட்டியா?” என்று கீழே நின்று கத்தினார். அவளுக்குக் கேட்காது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கேட்டாலும் அவள் வாயை நம்பப்போவதில்லை.

ஏழு, எட்டு. கை நின்றது. ஒன்பது. பத்து.

ராசையா வலது கையைத் தாழ்த்த, குழாய்க் கட்டு அலுங்காமல் தரைக்கு வந்தது. அன்றிலிருந்து யார்டில் தினமும் முதல் லோடு பத்து எண்ணிக்கை தாமதமாகத்தான் இறங்குகிறது. மேலிடத்துக்கு அந்தத் தாமதம் ஏன் என்று தெரியாது. பெனிட்டோவிடம் அதற்குப் படிவம் இல்லை. உச்சிமாகாளிகூட இப்போதெல்லாம் கூட்டத்தின் பின்னால் நின்று, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், தன் இரண்டு கையையும் நீட்டிப் பார்த்துக்கொள்கிறார்.